கடித்துப் பார்த்த கல்

காபி உப்புக் கரித்தது. ரஞ்சிதா முகம் சுளித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீங்களா?"

ஆனந்தகுமார் வாங்கி ஒரு வாய் குடித்தான். "நல்லாத்தான இருக்குது. உனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு கண்ணு." சிரித்துக்கொண்டே குழந்தையிருந்த அறைக்குப் போனான்.

நாக்கு எப்போதிலிருந்து கெட்டது என்று அவளுக்குத் தெரியும். அரியலூர்ப் பக்கம் எண்ணெய் தேடித் துளைத்த ஒரு கிணற்றின் கரும்பாறைத் துண்டுகள் மேசைமேல் கிடந்தன. ஒரு காலத்தில் அது கடலடிச் சேறு. கைக்குழந்தைக்காரி என்று கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு, வேலையைப் புதுச்சத்திரத்து வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். பாறையில் புதைந்த நுண்சிப்பிகள் பூமிச் சூட்டில் வேக வேக மஞ்சளிலிருந்து கறுப்பாகும். அந்த நிறத்தை வைத்து, அங்கே எண்ணெய் ஊறியிருக்குமா என்று அவள் சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு சில்லை முன்பல்லால் கடித்துப் பார்த்தாள். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. பாறை படித்தவர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம்தான். ஆனால் இது நறநறக்கவில்லை, வழுக்கவும் இல்லை. பல்லுக்கடியில் நெளிந்தது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். அப்புறம் நித்யஸ்ரீக்குப் பால் கொடுத்தாள்.

பிள்ளை அன்றைக்குக் குடித்த குடி, நான்கு மாதத்தில் குடித்ததே இல்லை.

இப்போது பொழுது சாய்ந்திருந்தது. நெடுஞ்சாலையில் முட்டை லாரிகள் இரைந்துகொண்டு போக, பக்கத்துக் கோழிப்பண்ணையின் வாடை சன்னல் வழியாக எப்போதும்போல வந்துகொண்டிருக்க, அதற்கடியில் மண்ணெண்ணெயும் மீன் கவிச்சியும் கலந்த வேறொரு வாடை, தன் ரவிக்கையிலிருந்தே கிளம்புவதை அவள் உணர்ந்தாள். பால் கசிந்து துணி நனைந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்குக் கீழே தள்ளினாள். பாலுக்குள் சுருள் சுருளாகச் சிப்பிகள். அவள் பார்க்க வேண்டியது நிறம். பழக்கத்தில் அதைத்தான் முதலில் பார்த்தாள். வெளிர் மஞ்சள். சூடே படாத மஞ்சள். கோடி வருடத்துச் சிப்பி இல்லை இது. நேற்றுப் பிறந்தது. இன்று பிறந்தது. ஒன்று புரண்டு படுத்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ரஞ்சிதா, இங்க வா." உள்ளிருந்து ஆனந்தகுமாரின் குரல். "சாமிக்கு அதுக்குள்ள பல்லு மொளைச்சிருக்குது."

ஓடினாள். அவன் மடியில் குழந்தை. வாயில் அவன் சுட்டுவிரல்.

"வெரல உடவே மாட்டீங்குது பாரு."

"எடுங்க. வெரல எடுங்க."

"கூச்சமாத்தான் இருக்குது. வலிக்கல."

கைப்பேசி விளக்கை அடித்தாள். நித்யஸ்ரீ அம்மாவைப் பார்த்து வாயை அகலத் திறந்து சிரித்தாள். ஈறு முழுக்க மஞ்சள் சுருள்கள். வரிசையாக. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் மயிரிழை போன்ற வெள்ளை நூல்கள். ஈரமாக. நீண்டுகொண்டே. அவன் நகக்கண்ணுக்குள் நுழைந்து, தோலுக்கடியில் மணிக்கட்டுவரை ஏறியிருந்தன. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.