காயாத பசை

மதியம் 2.05. வாழ்த்து அட்டைக் கடையின் பின்னறை மேஜையில் பசை பாட்டில் மட்டும்தான் இருந்தது.

பதினோரு நாளாக அந்த மேஜையில் ஒரு காகித இதயம் வளர்ந்துகொண்டிருந்தது. மெல்லிய சிவப்புக் காகிதக் கீற்றுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, இதழ் மாதிரி கிள்ளி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இதயம். அட்டையைத் திறந்தால் எழுந்து நிற்கும். மூடினால் இரண்டாக மடிந்து படுத்துக்கொள்ளும். அதைச் செய்தவரைக் கடையில் எல்லோரும் சுருளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த சுருளக்கா மேஜை மேல் பார்த்தார், அடியில் பார்த்தார், முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி போலீசைக் கூப்பிட்டார்.

2.35. ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை என்பது காலையிலேயே தீர்ந்து போயிருந்தது. காதலர் தினம் காதலர்களுக்குக் கொண்டாட்டம், ஸ்டேஷனுக்குத் திண்டாட்டம். ஒருவன் பூங்கொத்து வாங்கப் போன இடத்தில் பைக்கைத் தொலைத்துவிட்டான். இன்னொருவன் இரண்டு வீட்டு வாசலில் ஒரே வசனத்தைப் பேசி, இரண்டிலும் அடி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். மூன்றாவது புகாரை அவர் நினைக்கக்கூட விரும்பவில்லை. இப்போது நான்காவது.

"வாழ்த்து அட்டையா? ஒரே ஒரு வாழ்த்து அட்டையா?" என்று வழியெல்லாம் ஏட்டைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒண்ணேதான் மேடம். ஆனா கையால செஞ்சதாம்," என்றார் ஏட்டு, தானே திருடியதுபோல.

கடையில் கால் வைக்க இடமில்லை. முதலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"மேடம், முதல்ல அந்தச் சுருளக்கா பையச் சோதனை போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"சோதனை போடறது என் வேலை. நீங்க விஷயத்தச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அட்டை ஒரு பல் டாக்டரின் ஆர்டர். அவருக்கும் மனைவிக்கும் ஆறு மாதமாகப் பேச்சே கிடையாது. ஐந்து மணிக்கு அட்டையை வாங்கிக்கொண்டு நேராக மனைவியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

"எதிர்க்கடைக்காரன் இவங்கள வேலைக்குக் கூப்பிட்டிருக்கான் மேடம். போறப்ப மாதிரிக்கு ஒண்ணத் தூக்கிட்டுப் போறாங்க. அவ்வளவுதான்."

பின்னறையில் சுருளக்கா நின்றுகொண்டே இருந்தார். உட்காரத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஒண்ணு பத்துக்குக் கடைசி ஒட்டு. ஒண்ணேகாலுக்குச் சாப்பிடப் போனேன்."

"பூட்டினீங்களா?"

"இந்த ரூமுக்குப் பூட்டே கிடையாது. சாத்திட்டுத்தான் போவேன்."

"அட்டைய எப்படி வெச்சிட்டுப் போனீங்க?"

"இதோ, இந்த இடத்துல விரிச்சு வெச்சேன். ஒட்டின பசை காய ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒண்ணு எட்டுக்கு நான் பேங்க்லேருந்து போன் பண்ணேன்," என்று முதலாளி குறுக்கே விழுந்தார். "பசை கையில இருக்கு, அப்புறம் பேசறேன்னு வெச்சிட்டாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பையைத் திறந்தார்கள். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கட்டு சிவப்புக் காகிதக் கீற்று.

"பாத்தீங்களா!" என்று முதலாளி துள்ளினார்.

"வெட்டினதுல மிஞ்சினது. என் பொண்ணு சுருட்டிப் பழகுறா," என்றார் சுருளக்கா. பிறகு இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொன்னார்: "எதிர்க்கடையில கூப்பிட்டது நெசம்தான் மேடம். யோசிச்சுச் சொல்றேன்னேன். இப்ப திருட்டுப் பட்டத்தோட வெளிய போனா, இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் என்னைப் படியேத்த மாட்டாங்க. எனக்கு இந்த வேலையத் தவிர ஒண்ணும் தெரியாது."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. கணவர். அன்றைக்கு அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். எதற்கு லீவு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"ஏம்மா, கத்திரிக்கோல் எங்க இருக்கு?"

"மூணாவது டிராயர்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி வைத்தார்.

3.05. கல்லாவில் இருந்தவர் முதலாளியின் தங்கை கணவர். முதலாளி "மாப்பிள்ளை" என்று கூப்பிட, கடையே அப்படிக் கூப்பிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டே வாரம். பின்னறைக்குப் போக வேண்டுமானால் இவருடைய கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலே ஒரு கேமரா இருந்தது. அது ஒரு மாதமாக வெறும் அலங்காரம் என்று முதலாளி சொன்னதும், இன்ஸ்பெக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒண்ணேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். இந்தக் கூட்டத்துல எங்க நகர்றது?"

"யார் உள்ள போனா?"

"கூரியர்காரர் மட்டும்தான். பார்சல் எடுக்க."

"சுருளக்கா வெளிய போறப்ப?"

மாப்பிள்ளை முதலாளியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சொல்லவே சங்கடமா இருக்கு. கார்ட மடிச்சு ஒரு ரோஸ் கவர்ல போட்டு, பைக்குள்ள வெச்சாங்க. கண்ணால பாத்தேன். சாப்பிடப் போற எடத்துல யார்கிட்டயாவது கொடுத்திருப்பாங்க."

"மாப்பிள்ளையே சொல்றாரு, அப்புறம் என்ன மேடம்?" என்றார் முதலாளி.

அதற்குள் ஒரு பெண் அட்டையை நீட்ட, மாப்பிள்ளை கல்லாவுக்கு அடியிலிருந்த டிராயரைத் திறந்து ஒரு ரோஸ் கவரை உருவி, அட்டையை அதில் செருகிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுபடி போன்.

"பசை எங்கம்மா?"

"ஷூ ஸ்டாண்டுக்கு மேல! நான் டூட்டியில இருக்கேன்!"

3.30. கூரியர்காரர் வந்து சேர்ந்தார். பார்சலை எடுத்ததும் கையிலிருக்கும் கருவியில் பதிவு செய்வார். அதில் நேரம் 1.25.

"மேஜையில கார்டு இருந்துச்சா?"

"இல்லீங்க. பசை பாட்டில்தான் தொறந்து கெடந்துச்சு. முழங்கை பட்டு, சட்டையெல்லாம் வீணாப்போச்சு." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "அங்க கார்டு இருந்திருந்தா, அதுமேலதான் கொட்டியிருக்கும்."

எடுத்துப்போன பார்சல்கள் கூரியர் கிடங்கில் பிரிக்கப்படாமல், எண்ணிக்கை குறையாமல் இருப்பதாக ஏட்டு விசாரித்துச் சொன்னார். ஆக, ஒண்ணேகாலுக்கும் ஒன்று இருபத்தைந்துக்கும் நடுவில் பத்து நிமிடம். இருக்கிற ஆட்கள் மூன்று. ஒரு கொலை வழக்கில்கூட இன்ஸ்பெக்டருக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. கொலையில் குறைந்தபட்சம் பிணமாவது இருக்கும்.

3.50. மூன்றாவது தடவையாக போன் அடித்தது.

"என்னங்க வேணும் உங்களுக்கு? சுத்தியலா?"

"கோவப்படாதம்மா. ஒரு காகிதத்த மடிச்சு, உள்ள ஒட்டி, மூடி வெச்சேன். இப்ப தொறக்கவே மாட்டேங்குது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. என்ன பண்றது?"

வாயைத் திறந்த இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார். மேஜையைப் பார்த்தார். பசை பாட்டிலைப் பார்த்தார்.

"கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருஷத்துல, இன்னிக்குத்தான் நீங்க உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க," என்றார்.

"என்ன சொன்னேன்?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்கும்போதே போனை வைத்துவிட்டார்.

4.00. கடையைச் சாத்தச் சொன்னார். சுருளக்கா, முதலாளி, மாப்பிள்ளை, கூரியர்காரர், ஏட்டு, ஆக ஐந்து பேர். எல்லோரையும் அலமாரி முன்னால் நிறுத்தினார்.

"இன்னிக்கு இந்தக் கடையில யாரும் தொடாத அட்டை எது?"

கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் காதல் அட்டைகளைத் தாண்டினார். பிறந்தநாளைத் தாண்டினார். மூலையில், கீழ்த்தட்டில், "பணி ஓய்வு வாழ்த்துகள்" என்று ஒரு வரிசை. எல்லாம் கவரில் போட்டு அடுக்கியிருந்தது.

"ஏட்டய்யா, ஒவ்வொண்ணா எடுத்துத் திறங்க."

ஏட்டு குந்தி உட்கார்ந்து ஆரம்பித்தார். முதல் அட்டை திறந்தது. இரண்டாவது திறந்தது. ஒன்பதாவது, ஒரு ரோஸ் கவர். உள்ளே கனமான வெள்ளை அட்டை. ஏட்டு விரலால் நெம்பினார். திறக்கவில்லை.

"இழுக்காதீங்க!" என்று சுருளக்கா கத்தியபடி ஓடிவந்து, அதை ஏட்டின் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஒண்ணேகாலுக்கு இந்தம்மா கார்ட மடிச்சுக் கவர்ல போட்டதைக் கண்ணால பாத்தீங்க. இல்லையா?"

"ஆமா... போட்டாங்க..."

"ஒண்ணு பத்துக்குத்தான் பசை தடவியிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல மூடினா மொத்தமும் ஒட்டிக்கும்னு என் வீட்டுக்காரருக்கே தெரிஞ்சுபோச்சு. பதினோரு நாள் உக்காந்து செஞ்சவங்க மூடுவாங்களா? தொழில் தெரிஞ்ச யாரும் மூட மாட்டாங்க. கார்டுன்னா மூடி, கவர்ல போடறதுன்னு மட்டும் தெரிஞ்ச ஆள் இந்தக் கடையில ஒருத்தர்தான். அதான் திருடறப்பவும் மூடினீங்க, பொய் சொல்றப்பவும் மூடினதாவே சொன்னீங்க. ரோஸ் கவர் இருக்கறது உங்க கல்லா டிராயர்ல. கூட்டத்துல வெளிய கொண்டுபோக முடியல. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப எடுத்துக்கலாம்னு, யாரும் தொடாத இந்த வரிசையில செருகிட்டீங்க."

மாப்பிள்ளை கல்லா டிராயரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். நியாயமாக அவருடைய கோபமெல்லாம் இவர் மேல்தான். "நீங்க எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"ஒண்ணேகாலுக்கு மூடினாங்கன்னு ஒருத்தர் உங்க முன்னாடியே சொன்னாரு. பசை கையில இருக்குன்னு போன்ல உங்க காதாலயே கேட்டீங்க. ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

முதலாளி தரையைப் பார்த்தார். "மாப்பிள்ளை சொன்னாரேன்னு..."

"திருடணும்னு நெனைக்கல மச்சான்," என்று மாப்பிள்ளை உடைந்துபோனார். "ஊருக்கெல்லாம் கார்டு விக்கிறீங்களே, எனக்கு ஒண்ணு கொடுக்கணும்னு தோணுச்சான்னு காலையில உங்க தங்கச்சி கேட்டா. சரி, இவங்க இன்னொண்ணு சட்டுனு செஞ்சுடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க போலீசக் கூப்பிட்டதும் பயந்துட்டேன்."

"சட்டுனு," என்றார் சுருளக்கா. அவர் கண்கள் நிறைந்துவிட்டன. அவ்வளவு நேரமாக அழாதவர் அந்த ஒரு சொல்லுக்கு அழுதார்.

4.20. கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. சுருளக்கா அட்டையின் விளிம்பை ஆவியில் காட்டி, மெல்லிய பிளேடை உள்ளே விட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அரை மணி நேரத்தில் அட்டை திறந்தது. பதினான்கு சுருள்கள் நசுங்கியிருந்தன.

"புகார வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்," என்றார் முதலாளி.

"நீங்க வாங்குவீங்க. இவங்க?"

சுருளக்கா சிவப்புக் கீற்றுக் கட்டை மாப்பிள்ளை முன்னால் வைத்தார். "கேஸெல்லாம் வேண்டாம் மேடம். பதினாலு சுருள். இவர் சுருட்டட்டும். நான் ஒட்டறேன்."

மாப்பிள்ளை சுருட்டினார். முதல் சுருள் கோணல். சுருளக்கா பிரிக்கச் சொன்னார். இரண்டாவது அதைவிடக் கோணல். ஐந்து மணிக்கு வந்த டாக்டர், பசை காயும்வரை ஒரு மணி நேரம் தாராளமாகக் காத்திருப்பதாகச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு மாதம் பொறுத்தவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

"நாளைக்குக் கொஞ்சம் லேட்டா வந்தாக்கூடப் பரவால்லம்மா," என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி.

சுருளக்கா கடைசிச் சுருளை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கு நான் எதிர்க்கடைக்குப் போறேன் சார். அந்த முதலாளிக்குத் தங்கச்சி கிடையாது."

7.10. இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவைத் திறந்தார். ஷூ ஸ்டாண்டு முழுக்கப் பசை. தரையெல்லாம் காகிதத் துண்டுகள். கணவர் சாப்பாட்டு மேஜையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒட்டிப்போன சிவப்பு அட்டை ஒன்று.

கத்திரிக்கோல், பசை, மடித்த காகிதம். மூன்று தடவை போன் செய்து ஒவ்வொரு தடயமாகச் சொல்லியிருக்கிறார் மனிதர். ஊரார் அட்டையைக் கண்டுபிடித்தவருக்கு இது மட்டும் உறைக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"தூக்கிப் போட்டுடறேன்மா," என்றார் கணவர்.

"தொடாதீங்க." தொப்பியைக்கூடக் கழற்றாமல் கெட்டிலை வைத்தார். ஆவி வந்ததும் விளிம்பைக் காட்டி, பிளேடை விட்டு, மெதுவாக நகர்த்தினார்.

உள்ளே ஓர் இதயம் பாதி எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் கீழே கணவரின் கோணல் எழுத்து: "கத்திரிக்கோல் நாலாவது டிராயரில் இருந்தது."