பதினேழாம் பக்கத்துக் கறுப்பு

குவாத்தமாலாவின் மலைமழையில் நனைந்த குடையோடு, சான் ஹெர்வாசியோ நீதிமன்றத்தின் நிலவறைக்குள் எழுத்தர் ருஃபினா இறங்கினாள். மேசையில் ஒரு கொலை வழக்கின் கோப்பு. நண்பகலுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்பு வக்கீலிடம் போயாக வேண்டும். கொலையைப் பார்த்த பெண்ணின் பெயர் அதில் எங்காவது தெரிந்தால், அவள் இந்த வாரத்தைத் தாண்டமாட்டாள்.

போன ஆண்டு வேறொரு வழக்கில் ருஃபினா சாட்சியின் பெயரைக் கணினியில் மறைத்தாள். எழுத்தின்மேல் கறுப்புக் கட்டம் வைத்தாள். எழுத்து அடியில் அப்படியே கிடந்தது. யாரோ அந்த வரியை நகலெடுத்து வேறொரு கணினிக் கோப்பில் ஒட்டினார்கள். பெயர் வந்துவிட்டது. அந்தச் சாட்சியை, செங்கல் சூளைக்காரர் நிக்கானோரை, மூன்றாம் நாள் சுட்டுக் கொன்றார்கள்.

அதனால் இப்போது காகிதம்தான். முதலில் பேனா மை. ஆனால் தாளைச் சாய்த்தால் மையின் அடியில் அச்செழுத்து மினுங்கும். ஆகவே அதை நகலெடுத்து, நகலின்மேல் மறுபடி மை பூசி, மறுபடி நகலெடுக்க வேண்டும். இரண்டாம் நகலில் கறுப்பைத் தவிர எதுவும் மிஞ்சாது.

பதினேழாம் பக்கத்தில் மிஞ்சியது.

கறுப்புக்குள் வெளிறிய எழுத்துகள். அந்தப் பெண்ணின் பெயரல்ல.

நிக்கானோர்.

அறையில் சூளைப்புகை நாறியது. மை பூசி மறுபடி நகலெடுத்தாள். மறுபடி அதே பெயர்.

வாசலில் கடைநிலை ஊழியன் அமில்கார் எட்டிப் பார்த்தான்; அவளை அம்மா என்பதுபோல 'செஞோ' என்றுதான் அழைப்பான். "வக்கீல் மேல காத்திட்டிருக்காரு, செஞோ. மையைக் குடிச்சிட்டு இருக்கீங்களா?"

அவள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக மீண்டும் படித்தாள். அடியில், எழுதத் தெரியாத அந்தச் சாட்சி வைத்த பெருவிரல் ரேகை. பெயர்களையே தேடிய கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. அவளைக் கண்டுபிடிக்க ரேகை பார்க்கத் தெரிந்த ஒருவன் போதும்.

ரேகையை மையால் மூடினாள். நகலெடுத்தாள். நிக்கானோரின் பெயர் மறைந்திருந்தது.

புகை மட்டும் போகவில்லை.

கோப்பை மேலே கொண்டுபோன அமில்கார் ஒப்புகைச் சீட்டோடு திரும்பினான். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை.

"வக்கீல் பக்கம் பக்கமாத் தேடினாரு. எதுவும் கிடைக்கல." குரலைத் தாழ்த்தினான். "மறைச்சது யாருன்னு கேட்டாரு. நான் சொல்லல. சீட்டை வாங்கிப் பாத்தாரு, அதுலயும் பேரு இல்ல. ஏன் செஞோ, உங்க பேர் மேல நீங்களே கறுப்பு பூசிட்டீங்களா?"

ருஃபினா சீட்டை வாங்கினாள். தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் காலையில் தட்டச்சு செய்த பெயரின்மேல் கனத்த கறுப்புப் பட்டை.

விரலால் தொட்டாள். மையல்ல. சூளைக் கரி.

இன்னும் சுட்டது.