கவிழ்ந்த செம்பு

உச்சிப்பொழுதில் காசிமாயன் வீட்டுக்கு வந்த, பேயோட்டும் கோடாங்கி சின்னக்கருப்பன், வாசல்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

சித்திரை மாதம். கண்மாயே வெடித்துக் கிடந்தது. ஆனால் உள்ளறையிலிருந்து ஈரச் சேற்று வாடை வீசியது. வங்காளத்துப் போர் முடிந்து தம்பி முத்திருளன் வீடு திரும்பிய நாளில் கூடவே வந்த வாடை.

“இதுவரைக்கும் எங்கெங்க காட்டுனீக?”

காசிமாயன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மதுரையில் தலைக்குக் கரண்டு வைத்தார்கள். முத்திருளனுக்குப் பெற்ற மகள் பேர்கூட மறந்தது; தன்னைத் தேடி வருகிறவனை மறக்கவில்லை. பிறகு மாத்திரை. உடம்பு உறங்கியது, உதடு உறங்கவில்லை. பசுமலை டாக்டர் மட்டும், போரில் நடந்ததை முத்திருளனே வாய்விட்டுச் சொல்லட்டும் என்றார். அன்றைக்கே காசிமாயன் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். கோயிலில் பரிவட்டம் கட்டி ஊரே கொண்டாடிய வீரன் வாய்விட்டுச் சொல்ல என்ன இருக்கிறது?

உள்ளறையில், முத்திருளன் முன்னால் கோடாங்கியின் உடுக்கை அதிர்ந்தது. பங்காளிகள் வாசலை அடைத்து நின்றார்கள்.

“யாருப்பா வந்திருக்கது?”

முத்திருளன் தலை தாழ்ந்தது. “சின்னப் பய. துப்பாக்கியக் கீழ போட்டுட்டு, கையத் தூக்கிக்கிட்டு, ‘பானி, பானி’ன்னு தண்ணி கேட்டான். எங்கிட்ட தண்ணி இருந்துச்சு. சுட்டுட்டேண்ணே.”

உடுக்கை நின்றது.

கோடாங்கி ஒரு செம்புத் தண்ணீரைக் காசிமாயனிடம் நீட்டினார். “வந்தவுகளுக்கு மொதல்ல தண்ணி குடுக்குற வீடு இது. மூத்தவன் நீ. ‘எந்தம்பி செஞ்சது தப்பு’ன்னு சொல்லி ஊத்து.”

பங்காளிகளின் கண்கள் காசிமாயன் முதுகைத் துளைத்தன.

“எதிரியச் சுட்டான். இதுல என்னய்யா தப்பு?”

கையை உதறினார். செம்பு கவிழ்ந்தது.

சிந்திய தண்ணீர் தரையில் ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

முத்திருளன் மனைவி அன்னக்கொடி அதே செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். “பரிவட்டத்த நீங்களே கட்டிக்கிருங்க மச்சான். எனக்கு எம்புருசன் போதும்.”

முத்திருளன் அதை வாங்கித் தரையில் ஊற்றினான். “நாஞ் செஞ்சது தப்புடா, தம்பி.”

அன்று அவன் குறட்டை விட்டு உறங்கினான். உள்ளறையில் வாடை இல்லை.

மறுநாள் மதியம் காசிமாயன் சாப்பிட உட்கார்ந்தார். சோறு தொண்டையில் அடைத்தது. செம்பை எடுத்தார்.

காலி.

எழுந்து பானையில் மொண்டு, வாய்க்குக் கொண்டுபோனார்.

காலி.

சேற்று வாடை மூக்கில் ஏறியது. முதுகுக்குப் பின்னால், வறண்ட தொண்டை ஒன்று எச்சில் விழுங்கும் சத்தம்.

ஒரு வார்த்தை. தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை. காசிமாயன் வாயைத் திறந்தார்.

வாசலில் பங்காளி ஒருவர் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது.

வாயை மூடிக்கொண்டார். வெட்கத்தில் காது மடல்கள் எரிந்தன.

அந்தக் காதருகே, ஈரமில்லாத மூச்சு ஒன்று மெதுவாகக் கேட்டது:

“பானி.”