ஃபைவ் நைன்

பச்சை விளக்கு எரிந்தது. யாரும் பேசவில்லை.

ஷாரன் கையிலிருந்த ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டாள். வாக்கி டாக்கி மாதிரி சின்ன செட். அடுத்தவர் பேச்சு வந்தால் பச்சை எரியும். பொத்தானை அழுத்தி நாம் பேசினால் சிவப்பு. லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோவில் அவள் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். அப்படியானால் யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நாலு விநாடியில் விளக்கு அணைந்தது.

கோவில்பதாகையில் மதியத்திலிருந்து மழை விடவில்லை. ஐந்து மணிக்கே ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. காயாத துணியும் தைலமும் கலந்த வாடை வீடு முழுக்கச் சுற்றியது. கணவன் ஜோஸ் திருமழிசையில் ஷிப்டில் இருந்தான். உள்ளறையில் ஐந்து வயது ஃபெபி காய்ச்சலோடு தூங்க, கொசுவுக்காக வைத்த டேபிள் ஃபேன் வலப்பக்கம் போய் ‘டக்’ என்று இடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள் ஆகியும் ஷாரன் வாய் திறக்கவில்லை. உளறிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம். கிளப் நண்பன் ஜாக்சன்தான் வழி சொன்னான். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டைவிரல் அளவிலான டம்மி லோடைத் திருகிக் கொடுத்தான்.

“இத்த மாட்டிகினு எவ்ளோ வோணா பேசுக்கா. நீ பேசறது ஊட்டத் தாண்டாது. வெளிய பேசறதும் உள்ள வராது.”

அந்தத் தைரியத்தில்தான் இன்று தனியாக உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். சிவப்பு. “சிக்யூ, சிக்யூ...” யாராவது பேச வருகிறீர்களா என்று பொதுவாக அழைப்பது. லைசென்ஸோடு கிடைத்த அடையாள எழுத்துகளை, தன் கால்சைனை, இரண்டு முறை சொல்லிவிட்டு விரலை எடுத்தாள்.

பச்சை.

அவளுடைய கால்சைனை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒரு குரல் திருப்பிச் சொன்னது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத, தொண்டை வறண்ட குரல். “ஃபைவ் நைன். நீங்க மூச்சு விடுறதுகூட கேக்குது. ஓவர்.”

ஷாரனுக்குத் தலைகால் புரியவில்லை. தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது. அதற்கு மேல் மார்க்கே கிடையாது. முதல் பேச்சிலேயே! அந்தச் சந்தோஷத்தில் டம்மி லோடு மறந்தே போனது. பெயரைச் சொன்னாள்.

“க்யூடிஎச்? ஓவர்.”

எந்த இடம் என்று கேட்கிறது. ஊரைச் சொன்னாள். கேட்காமலே தெருவையும் சொன்னாள்.

“கூட யாரு இருக்காங்க? ஓவர்.”

அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை? “பொண்ணு ஃபெபி மட்டும். காய்ச்சல். உள்ள தூங்குறா. உங்க கால்சைன் இன்னும் சொல்லலியே? ஓவர்.”

பச்சை எரிந்தது. பதில் இல்லை. அணைந்தது.

உடனே ஜாக்சனுக்குப் போன் போட்டாள். “ஒருத்தர் பதில் குடுத்துட்டாருப்பா! ஃபைவ் நைன்!”

“டம்மி லோட கழட்டிட்டியாக்கா?”

பார்த்தாள். இருந்த இடத்தில் இருந்தது. தொட்டால் இளஞ்சூடு. “இல்ல. அப்படியேதான் இருக்கு.”

“அப்போ சான்சே இல்லக்கா. அதுல ஃபைவ் நைன் வோணும்னா அடுத்த ரூம்ல குந்திகினு பேசணும்.” சிரித்தான். “உன் இன்னொரு செட்டு எங்க கீது?”

ஃபெபி விளையாடக் கேட்டாள் என்று மதியம் அவளிடம் கொடுத்தது. உள்ளறையில் இருக்கிறது. அதன் பேட்டரி இங்கே, ஷாரனின் கண்ணெதிரே, சார்ஜரில்.

“அதுல பேட்டரியே இல்ல ஜாக்சன்.”

சிரிப்பு நின்றது. “அக்கா, பாப்பா எங்க?”

பச்சை.

போனைக் கீழே வைத்தாள். ரேடியோவைக் காதில் வைத்தாள்.

‘டக்.’

உள்ளறையிலிருந்து ‘டக்.’ ரேடியோவிலும் ‘டக்.’ ஒரே நேரத்தில்.

பிறகு மூக்கடைத்த சின்ன மூச்சு. ஃபெபியின் மூச்சு. அதைவிடக் கிட்டத்தில், இன்னொரு மூச்சு.

நான்தான் சொன்னேன். உள்ளே தூங்குகிறாள் என்று நான்தான் சொன்னேன்.

இயேசுவே, இயேசுவே. வாய் மட்டும் அசைந்தது. பத்தடிகூட இல்லாத தூரம். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவைத் தள்ளினாள்.

ஃபெபி கட்டில் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கட்டிலுக்குக் கீழே தொங்கியது.

கட்டிலுக்கு அடியில் சிவப்பு விளக்கு.

“என் குரல் எப்படி கேக்குது?” ஷாரனின் கையிலும் கேட்டது. கட்டிலுக்கு அடியிலும் கேட்டது. “ஓவர்.”

ஓவர் சொன்னால் பொத்தானை விட்டுவிட வேண்டும். சிவப்பு அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் ஃபெபியின் குட்டி விரல்கள் தெரிந்தன.

அவற்றைப் பற்றியிருந்த விரல்களும்.