வெளிப்பக்கத்து மணி

வெளிப்பக்கத்து மணி அடித்தபோது நாய்க்குட்டி மார்லிஸின் மடியில்தான் படுத்திருந்தது.

காற்று என்று தள்ளிவிட முடியவில்லை. காற்று மணியைக் கண்டபடி உலுக்கும். இது இரண்டு தட்டு, சற்று நிதானம், மறுபடி ஒரு தட்டு. மூக்கால் இடித்து அடிக்கிற அடி. கதவின் உள்பிடியில் ஒன்று, வெளிப்பிடியில் ஒன்று என்று இரண்டு மணிகளையும் தோல்வாரில் கோத்து, நாய்மூக்கின் உயரத்துக்குத் தொங்கவிட்டவன் அவள் கணவன் ரெய்னோ. வெளியே போக உள்மணி, திரும்பி வர வெளிமணி. மணி கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறக்க வேண்டும், ஒருமுறை சோம்பினாலும் நாய் பாடத்தை மறந்துவிடும் என்பது ரெய்னோவின் கண்டிப்பு. அந்த வீட்டில் வளர்ந்த நாய்களெல்லாம் அந்த மணிக்குப் பழகியவை. மார்லிஸும்தான்.

அதனால் யோசிப்பதற்குள் கால் எழுந்து போய்விட்டது, கை தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டது.

வாசலில் யாரும் இல்லை. டிசம்பர் மாதம், மினசோட்டாவின் வடக்குக் கோடியில் மதியக் காப்பி ஆறுவதற்குள் இருட்டிவிடும். பைன் மரங்களுக்கு அப்பால் ஏரி புதிதாக உறைந்து கிடந்தது. விறகுப் புகை வாடையோடு சேற்று வாடையும் வந்தது. பனி உருகும் ஏப்ரலில் ஏரி விடுகிற வாடை, இப்போது வரக்கூடாத வாடை. மிதியடியின்மேல் ஒரு பெர்ச் மீன், கட்டைபோல் விறைத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு டுவேனின் குறும்பு என்று முடிவுகட்டி, சிரிக்கக்கூடச் செய்தாள். மறுநாள், உறைந்த ஏரியில் மீன்பிடிக்கத் துளைபோடும் பனித்துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வேலியோரம் வந்தபோது கேட்டாள்.

"மீனுக்கு தேங்க்ஸ் டுவேன். கதவைத் தட்டியிருக்கலாம்ல? மணி அடிச்சுட்டு ஓடுற வயசா உனக்கு?"

"எந்த மீனு? நான் இன்னும் ஏரிக்குள்ள காலே வைக்கல. ஐஸ் ரெண்டு இஞ்சுகூட வரல, கரையில நின்னு குத்திப் பாத்துட்டு வரேன்." அவன் குனிந்து குட்டியின் காதைப் பிசைந்தான். "டேய் பட்டன், ஒனக்கு யார்றா தோஸ்து, மீனெல்லாம் குடுக்கறது?"

"நரி ஏதாவது போட்டுட்டுப் போயிருக்கும்."

"நரி மணி அடிக்குமா மார்லிஸ்? அந்த வெளிமணியைக் கழட்டிப் போடேன்."

"இப்பத்தான் குட்டிக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. பாதியில மாத்தினா குழம்பிடும்."

டுவேன் தோளிலிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டான். போகும்போது ஏரியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் போனான்.

அவன் நினைத்தது எதுவென்று அவளுக்குத் தெரியும். போன ஏப்ரலில், ஐஸ் உளுத்துப்போயிருந்த சமயம், பழைய நாய் ஏதோ வாத்தைத் துரத்தி ஏரிக்குள் ஓடியது. ரெய்னோ அதன் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் வெளிமணி அடித்தது. மார்லிஸ் கதவைத் திறந்தாள். நாய் மட்டும் நின்றது, சொட்டச் சொட்ட. ஐஸ் போன பிறகுதான் ரெய்னோவின் உடலை எடுத்தார்கள். அவன் எப்போதும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு அப்படியே இருந்தது, அதில் தொங்கிய, நாய்க்குப் பாடம் பழக்க அழுத்தும் சிவப்புக் கிளிக்கரைத்தான் காணோம். அந்த நாயின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் துலூத் ஊரிலிருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். வீட்டின் அமைதியைச் சகிக்க முடியாமல் ஜூனில் பட்டனைக் கொண்டுவந்தாள்.

இந்தக் குட்டி ஏரிக்குள் கால் வைக்கக்கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. கோடையில் கரையோரம் சின்னத் துணிக்கொடிகளை நட்டு, கொடியைத் தொட்டால் திரும்பி வரப் பழக்கினாள். சரியாகச் செய்த நொடியில் விரலிடுக்கில் இருக்கும் நீலக் கிளிக்கரை அழுத்துவாள். 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு ஈரல். டிக் என்றால் 'இதைத்தான் கேட்டேன், செய்துவிட்டாய்' என்று அர்த்தம். ஈரலை முதல் நாள் காலடியில் வைப்பாள், மறுநாள் ஓரடி தள்ளி, அப்புறம் இன்னும் தள்ளி. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் எந்தப் பிராணியும் எங்கேயும் வந்துவிடும். மான்வேட்டைக் காலத்தில் வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சுச் சட்டை மாட்டிவிட்டாள், பிறகு அதைக் கழற்றவே இல்லை. பனி விழுந்ததும் பாதங்களுக்கு மெழுகு தடவினாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டார்கள்.

அன்று மாலையும் மணி அடித்தது. இந்த முறை மீன் கீழ்ப்படியில் கிடந்தது. பட்டன் தின்றுவிடப் போகிறதே என்று அவளே இறங்கிப் போய் எடுத்து எறிந்தாள். அடுத்த மாலை விறகடுக்கின் பக்கத்தில். அதற்கடுத்து, கவிழ்த்துவைத்த படகின் அருகில். ஒவ்வொரு முறையும் குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு அவள்தான் போனாள். பனியில் காலடித்தடம் எதுவும் இல்லை. படியிலிருந்து கரைவரை ஈரக்கோடு ஒன்று மட்டும் கண்ணாடியாக உறைந்திருந்தது.

மணியைக் கழற்றிவிடலாம் என்று ஒரு மாலை கத்தரிக்கோலோடு கதவருகே போனாள். தோல்வாரில் ரெய்னோ போட்ட முடிச்சைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கத்தரிக்கோலை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள், இருட்டுவதற்குச் சற்று முன், உள்மணி அடித்தது.

அடித்தது பட்டன்தான். வாலைக் குழைத்துக்கொண்டு கதவையே பார்த்து நின்றது. அவசரம் போலிருக்கிறது. அவள் நாயைக் கட்டும் வாரை எடுக்கத் திரும்பியபடியே, பழக்கத்தில், கதவைத் திறந்துவிட்டாள்.

வாரைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திரும்பும்போது குட்டி இல்லை.

"பட்டன்!"

படி. விறகடுக்கு. படகு. எங்கும் இல்லை. கொடிகளைத் தாண்டிச் சின்னச் சின்னப் பாதத்தடங்கள். காற்று பனியைத் துடைத்துவிட்டிருந்த கறுப்பு ஐஸின்மேல், தூரத்தில், ஆரஞ்சுச் சட்டை.

குட்டி உட்கார்ந்திருந்தது. சொல்பேச்சுக் கேட்கும் குட்டியாக, முதுகை நிமிர்த்தி, வாலால் ஐஸைப் பெருக்கிக்கொண்டு. அவளுக்கு முதுகைக் காட்டி.

"பட்டன், வா! வாடா கண்ணு, வா!"

அது திரும்பவில்லை. யாருடைய கட்டளைக்கோ காத்திருந்தது.

செத்தாலும் ஐஸில் கால் வைப்பதில்லை என்று ரெய்னோவைப் புதைத்த அன்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது முழங்காலில் விழுந்து, பிறகு குப்புறப் படுத்து, கையை ஊன்றி ஊன்றி இழுத்துக்கொண்டு போனாள். ஐஸ் முனகியது. சேற்று வாடை மூக்கை அடைத்தது. வழியில் ஒரு மீன். தாண்டினாள். இன்னொன்று. அவள் கை எட்டும் தூரத்துக்கு ஒன்றாக வைத்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டன் ஒரு மீனைக்கூடத் தின்றதில்லை. படிவரை வந்தவள் அவள். விறகடுக்குவரை, படகுவரை வந்தவள் அவள்.

கை நீட்டினாள். விரல் குட்டியின் சட்டையைத் தொட்டது.

டிக்.

அவளுடைய கிளிக்கர் வீட்டில், மேசைமேல்.

அவள் வந்து சேர்ந்த அதே நொடியில், சரியாக அந்த நொடியில் அடித்த டிக். பட்டன் துள்ளி எழுந்தது, அவளை ஒருமுறை நக்கியது, வேலை முடிந்ததுபோல் அவள் முதுகைத் தாண்டிக் கரைக்கு ஓடியது. எடையில்லாத குட்டி. ஐஸ் அதை ஒன்றும் செய்யவில்லை.

அவள் அசையவில்லை. அசைய முடியாது. மார்புக்குக் கீழே மெல்லிய கீறல் ஒன்று வலப்பக்கமாக ஓடியது. இன்னொன்று இடப்பக்கம். கறுப்பு ஐஸ் கண்ணாடியாக இருந்தது. அதன் அடியில், அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, ஓர் உள்ளங்கை. விரலிடுக்கில் சிவப்பாக ஏதோ.

டிக்.

தூரத்தில் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும். பட்டன் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை. இரண்டு தட்டு, சற்று நிதானம், மறுபடி ஒரு தட்டு. வெளிப்பக்கத்து மணி அடித்துக்கொண்டே இருந்தது.