எட்டாம் நம்பர் படுக்கை

"ஹலோ… அது எங்க அக்காவோட படுக்கை!"

சொட்டச் சொட்ட நனைந்தபடி விடுதிக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்று கத்திவிட்டாள். எட்டாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்தான்.

"மன்னிச்சுக்கங்க… யாரும் வரலேன்னுதான் எனக்குக் குடுத்தாங்க. உங்க அக்கா பின்னால வர்றாங்களா?"

"வரமாட்டா."

"அப்போ…"

"வரமாட்டா. ஆனாலும் அது அவ படுக்கை."

அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். இமையோரம் தேங்கி நின்றது மழைத்தண்ணீர் மட்டும்தானா… மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புப் பக்கம் தரையில் போர்வையை விரித்தான். அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. சண்டையாவது போட்டிருக்கலாம்!

கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தத் தீபகற்பத்தின் கரையோரமாகவே ஆறு நாள் நடந்தால் முனை வரும். பொழுது சாய்கிற இடத்திலெல்லாம் ஒரு விடுதி. எல்லா விடுதியிலும் ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பருமாகப் பதிவு செய்தவள் அக்காதான். "அந்த ஆஸ்பத்திரிய விட்டு ஒரு வாரம் வெளிய வாடி. நர்ஸுக்கும் காத்து வேணும்" என்று சிரித்தாள். அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. பதிவை ரத்து செய்யக் கை வராமல் இவள் தனியாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

மறுநாள் பாறைச் சரிவில் அவளுடைய பையின் வார் அறுந்தது. பின்னால் வந்தவன், "குடுங்க" என்று வாங்கி, சட்டைப் பையிலிருந்து வளைந்த ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்தான்.

"ஊசியோடதான் நடப்பீங்களா?"

"தையல்காரன் மேடம். சில பேர் சிகரெட் வெச்சிருப்பாங்க… நான் இது."

"நல்லாத்தான் தைக்கிறீங்க."

"பாராட்டினதுக்கு ஒரு பட்டன் இலவசம்."

சிரித்துவிட்டாள். உடனே நெஞ்சில் சுருக்கென்றது. அக்காவை அனுப்பிவிட்டுச் சிரிக்கிற வாயா இது…

அன்றிலிருந்து சேர்ந்தே நடந்தார்கள். அதிகம் பேச்சில்லை. மழை பேசியது, கடல் பேசியது. சாம்பல் நிற அலைகளையே பார்த்துக்கொண்டு நடக்கும் அவனுடைய களைத்த கண்கள், அவள் பக்கம் திரும்பும்போது மட்டும் லேசாகத் தெளியும். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே சொன்னாள்: "தரை ஈரமா இருக்கு. எட்டாம் நம்பர்லயே படுத்துக்கங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அது போதுமாக இருந்தது.

நான்காம் நாள் அவன் குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. அவள் அவனைப் பாறையில் உட்காரவைத்துக் கழுவித் துடைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"நீங்க… நர்ஸா?"

"இருந்தேன்."

அவ்வளவுதான். அவன் முகம் இறுகிவிட்டது. ஐந்தாம் நாள் அவள் கண்விழிப்பதற்குள் கிளம்பிப் போயிருந்தான். அடுத்த விடுதியில் பார்த்தும் பார்க்காதவன் போல் திரும்பிக்கொண்டான். நான் தொட்டது எது நிலைத்தது… என்று நினைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

ஆறாம் நாள் முனை வந்தது. எட்டிப் பார்த்தால் மூன்று பக்கமும் தண்ணீர். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட பேருந்து நிறுத்தம். அங்கே மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தவனிடம் நேராகப் போனாள்.

"நர்ஸுன்னா அவ்வளவு கேவலமா?"

"ஐயோ… அப்படியெல்லாம் இல்லைங்க."

"பின்னே என்ன?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கம்மா மூணு வருஷமா படுத்த படுக்கை. என்னை யாருன்னே தெரியாது. கட்டில் பக்கத்துலயே மெஷினைப் போட்டுத் தைக்கிறேன். இந்த ஆறு நாள்தான் தம்பி பார்த்துக்கறேன்னான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீங்க நர்ஸுன்னு தெரிஞ்சதும்… இனிமே நான் என்ன சொன்னாலும் அம்மாவுக்கு ஆள் தேடற மாதிரிதானே ஆகும்? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அவள் தகரக் கூரைக்குள் நகர்ந்து அவன் பக்கத்தில் நின்றாள். பிறகு உடைந்த குரலில் சொன்னாள்.

"எங்கக்கா வயித்து வலின்னு போன் பண்ணினா. எட்டு வருஷ நர்ஸு நான்… 'வாயுவா இருக்கும், மாத்திரை போட்டுத் தூங்கு'ன்னேன். மூணாம் நாள் என் வார்டுக்கே தூக்கிட்டு வந்தாங்க. குடல்வால் வெடிச்சிருந்தது. அதுக்கப்புறம் ஒரு நோயாளியையும் தொட முடியல. கை உதறும். உங்க கால்லதான்… உதறல. நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டதும் நான் எப்படித் துடிச்சேன் தெரியுமா?"

தூரத்தில் பேருந்து வளைவில் திரும்புவது தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் தம்பி வருவான்," என்றான் மெதுவாக. "ரெண்டு மணி நேரம் நான் வெளிய வரலாம். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்ல. இப்படியே இன்னும் எத்தனை வருஷமோ… யார்கிட்டயும் எதுவும் கேக்கற நிலைமையில நான் இல்லைங்க."

"கேக்காதீங்க. நானே சொல்றேன்." கண்ணைத் துடைக்காமலே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டுப் படி ஏற எனக்குத் தைரியம் வருமான்னு தெரியல. அந்தத் தைரியம் வராமலே போகலாம். ஆனா உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வருவேன்."

பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் அசையவில்லை. மூன்று வருடமாக யாருக்கும் காட்டாத முகம் அப்படியே கோணிக்கொண்டு அழுதது.

"எனக்கும் பிடிச்சிருக்கு… ரொம்ப. ஆனா ரெண்டு மணி நேரம் போதாதேங்க…"

"போதாதுதான்," என்றாள் அவள்.