வியாகுலமேரியின் குரல்

கப்பல் உடைக்கும் கரையில் யாரும் இப்போது "சரிங்க" என்று சொல்வதில்லை. காலையில் வரிசையாகத் திரும்பி நின்று, காதுக்குப் பின்புறத்தைக் காட்டினால் போதும். சூப்பர்வைசர் பால்துரை வேலையைச் சொல்வார். மூளை புரிந்துகொண்டால் அங்கே பச்சை விளக்கு எரியும். புரிவொளி என்று அதற்குப் பெயர். சம்மட்டிச் சத்தத்தில் செவிடானவர்களுக்கெல்லாம் கம்பெனி உட்காதின் செவிச்சுருளில் கேட்கும் கருவியும், வெளியே காதுக்குப் பின்னால் அதை இயக்கும் காந்த வில்லையும் வைத்திருந்தது. கருவி கம்பெனியுடையது. விளக்கு எரியாதவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

ஜெபக்கனிக்கு எரியவில்லை.

"ஏட்டி, அந்தாளு கத்துனா கட்டையா நிக்கிய. கறிச்சோறுன்னா மட்டும் கலங்கரை விளக்கு மாரி எரியுது," என்றாள் அடுத்து நின்ற வியாகுலமேரி. அதற்குப் பளிச்சென்று எரிந்தது. வரிசையே சிரித்தது. பால்துரை சிரிக்கவில்லை; சோதனைக்கு அனுப்பினார்.

காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் பெண் திரையைக் காட்டினாள். "சத்தம் மூளைக்குப் போகுதுக்கா, அலை நல்லா எழும்புது. அவர் குரலை மட்டும் மூளை வார்த்தையா எடுத்துக்க மாட்டேங்குது. ரொம்பத் திட்டுவாரோ?"

"வாயத் தொறந்தா வசவுதான். மூளைக்கும் சலிக்காதா?"

"கருவிய எடுத்துருவாங்கக்கா. வேணும்னா அவர் பேசுறது உங்களுக்கு வேற குரல்ல கேக்குற மாதிரி மாத்தித் தரேன். யார் பேசினா சட்டுனு புரியும்?"

துணைக்கு வந்திருந்த வியாகுலமேரி, "என் கொரல எடுத்துக்கிடுங்க. சும்மாதான கெடக்கு," என்றாள்.

அன்று முதல் ஜெபக்கனியின் தலைக்குள் வியாகுலமேரிதான் அதட்டினாள். வெட்டு, தூக்கு, என்ன ஆடி அசைஞ்சு வார. பச்சை விடாமல் எரிந்தது. பால்துரை இன்னும் வேகமாக ஏவினார்.

கோடை முடிவதற்குள் அந்தப் பச்சையும் மங்கியது. ஒரு மதியம், வெட்டிப்போட்ட தகட்டின் நிழலில் வியாகுலமேரி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் கண் கலங்கியது. ஜெபக்கனிக்கு ஓசை முழுதும் கேட்டது, தகரத்தில் சரளை கொட்டுவதுபோல. ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. தலையை ஆட்டிவைத்தாள். வியாகுலமேரி எட்டி அவள் காதுக்குப் பின்னால் பார்த்தாள். பேச்சை நிறுத்தி, சோற்றுச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

ஜெபக்கனி சோதனை அறைக்கு ஓடினாள். "அவ அழுதாம்மா. என்ன சொன்னான்னே தெரியல. சரி பண்ணிக் குடு."

"அந்தக் குரலும் போயிருச்சுக்கா. ஏவுற குரலை மூளை கொஞ்ச நாள்ல தள்ளிருது. இங்க பாதிப்பேருக்கு இப்படித்தான். மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருக்கோம்." பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுல உங்க பொண்ணு இருக்கால்ல? அவ குரல..."

முடிப்பதற்குள் திரையின் ஓரத்தில் ஜெபக்கனியின் பச்சை எரிந்துவிட்டது.

ஜெபக்கனி காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காந்த வில்லையைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது. வெளியே சம்மட்டிகள் சத்தமில்லாமல் விழுந்து எழுந்தன.

வியாகுலமேரியைத் தேடிப்பிடித்து, எதிரே குந்தி, அவள் உதட்டையே பார்த்தாள்.

"இப்பச் சொல்லுட்டி," என்றாள். குரல் எவ்வளவு உரக்க வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.